விற்க வைத்த வள்ள எஞ்சின்

ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனை

பழைய வள்ள எஞ்சினை வாங்க இன்று மாலை ஒருவர் வருவதாக இருந்தது. காபரேட்டரில் எந்த நேரமும் பெற்றோல் வழிவதால் விற்றுவிடச் சொன்னவள் என் மனைவி சாந்திதான். எனக்கு மனமில்லை. ஆனால் வருபவர் முன்னால் அது ஓடாவிட்டால் மானம் போகும். காலையிலிருந்து காபரேட்டருக்குள் இருக்கும் மிதவையின் சிறிய தகட்டை வளைத்து வளைத்துப் பூட்டினேன். மூன்று தரமும் வழிந்தது.

சாந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஞ்சினோடு வந்த புத்தகத்தை வாசித்தாள்.

"கவிழ்த்துப் பிடிச்சுத்தான் பார்க்கோணுமாம். மிதவை விளிம்போட மட்டமா நிக்கோணும். நீங்கள் நிமிர்த்தி வச்செல்லோ வளைக்கிறியள்."

கவிழ்த்துப் பிடித்தேன். அவளே குனிந்து மட்டம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம். ஓம், காணும், மட்டமா வந்திட்டுது."

ஓட்டிப் பார்க்கத் தண்ணீர்ப் பீப்பாயில் எஞ்சினை நிறுத்திக் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுவையில் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டும் வழியவில்லை.

ஐந்து மணிக்கு வந்தவர் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். சாந்திதான் சொன்னாள்: "குறை நினைக்காதேங்கோ, இது விற்கிறதுக்கில்லை."

கலியாணம் கட்டி இருபது வருடமாக வள்ளத்தில் கால் வைக்காதவள், அடுத்த ஞாயிறு களனி ஆற்றுக்குத் தானும் வருவதாக இரவு படுக்கும்போது சொன்னாள். உனக்கு நீந்தத் தெரியாதே என்றேன்.

"எஞ்சின் நிக்காதெண்டா நான் ஏன் நீந்த?" என்று கேட்டுவிட்டு நித்திரையாகிவிட்டாள்.