அப்பா நிற்கும் பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார், கை இன்னும் பழக்கத்தை விடவில்லை. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், குட்டிக்குச் சளி விட்டிருக்க வேண்டும், இதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்காரர் இருந்தா இந்நேரம் ஒரு நூலைச் சுத்தியே நிறுத்தியிருப்பார் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், நான்தான் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ மாத்திரை போட்டியாம்மா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அச்சகத்து இயந்திரச் சத்தத்தில் அப்பாவுக்கு இடது காது போனது உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே. அதனால் யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாக வந்துவிடுவார், நல்ல காது நம் பக்கம் இருக்க வேண்டுமே. நாமும் கேட்காமலே இடது பக்கத்தை விட்டுவிட்டு நடக்கப் பழகிவிட்டோம். கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் இரண்டு காதும் செவிடாகிவிடும், அது வேறு கதை. அவர் கண்ணை மூடிய பிறகு ஒரு மத்தியானம், தையல் ஆலையில் சட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து இருக்கைக்காரி வரவில்லை. இடப்பக்கம் யாரோ வந்து நின்றார்கள். மை வாசனை வந்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அதுவும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுவார் என்று தோன்றியது. சட்டைக் காலரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் போனதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்ச நேரம் இறங்கியிருந்தது.

அதைத்தான் உன்னிடம் சொன்னேன். நீ, அதெல்லாம் மனசு பண்ற வேலைம்மா, டாக்டரைப் பாரு என்றாய். ஊரார் துக்கத்தையெல்லாம் உட்கார்ந்து கேட்பதுதான் உன் வேலை, உனக்குத் தெரியாததா என்று நீ ஏற்பாடு செய்த மனநல ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், தூக்கம் வருதா, பசிக்குதா என்று விசாரித்துவிட்டு, இது சகஜம்தான், போகப்போக நின்னுடும் என்றார். நின்றுவிடும் என்றதும் நிறுத்திவிட வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். மேற்பார்வையாளரிடம் கேட்டு, இடப்பக்கம் சுவர் வரும் ஓரத்து இடத்துக்கு மாறினேன். வீட்டில் கட்டிலையும் சுவரோடு தள்ளிப் போட்டேன். நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அவரை நானே வழியனுப்பி வைத்த மாதிரி இருந்தது. முதல் தடவை வராத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

போன வாரம் அங்கே போனபோது அந்த ஆலோசகர் விடுப்பில் இருந்தார். உன் வயதுள்ள ஒரு பெண் இருந்தாள். சுவரோரம் மாறிய கதையைச் சொன்னேன். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, அவர் வந்து நின்னப்போ உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு என்று மட்டும் கேட்டாள். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லையடி, நீ உட்பட. சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அது நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா, ஆனா உங்களுக்கு நடந்துச்சு, அதை உங்ககிட்டேருந்து பிடுங்கறதுக்கு நான் யாரு என்றாள். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டேன், கட்டிலையும் நகர்த்திவிட்டேன். அவர்தான் வரவில்லை.

நேற்று நீ குட்டியைக் குளிப்பாட்டும்போது மாப்பிள்ளை போனை எடுத்தார். அவருக்கு நம் வீட்டுப் பழக்கம் தெரியாதல்லவா, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தை, உங்க பொண்ணு இப்பல்லாம் என்னை இடது பக்கம் நடக்கவே விடறதில்லை, ரயில்ல உக்காந்தாகூட அந்தப் பக்கம் பையை வெச்சுக்கறா, ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா என்றார். நானும் ஒன்றுமில்லை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு அடுப்பைப் பற்ற வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு முடியாமல் போனபோது, வயிற்றுப் பிள்ளையோடு எழுந்து நடக்கக் கூடாது என்று படுத்திருந்தவளால் எப்படி விமானம் ஏறி வந்திருக்க முடியும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசி வரை கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் அவர் வருகிறார் என்றால் என்னிடம் சொல்லடி. உன்னை எந்த டாக்டரிடமும் அனுப்ப மாட்டேன், எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பேன். வரவில்லை, சும்மா இடம் விட்டு வைத்திருக்கிறேன் என்றாலும் சொல், நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. குட்டியின் தலையை ஈரத்தோடு விடாதே. மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். குட்டி நடக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாய் அல்லவா, அவளை வலது பக்கமே வைத்துக்கொள், தாத்தாவுக்கு இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா