கல்லுளிக்குக் கொடுத்த ஒரு நாள்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் கடிகாரப் பேச்சு. ஓட்டலின் சலவைக்கூடத்தில் நாங்கள் நாலு பொம்பளைகள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் எல்லோரும் காசு போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுப்போம். எந்தப் புண்ணியவதி ஆரம்பித்து வைத்தாளோ தெரியாது. அடுத்த வாரம் கல்லுளிக்குப் பிறந்தநாள். அவள் இருப்பது ஒரே ஒரு அறை. அதில் ஏற்கெனவே சுவருக்கு ஒன்று என்று நாலு கடிகாரம். நாலும் நாலு விதமாக மணி காட்டும்.

கல்லுளி என்று பேர் வைத்தது நான்தான். தலைகீழாக நின்று கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். பதிலுக்கு அவள் எனக்கு ரேடியோ என்று வைத்தாள். பேசாதவள் பேசினது அந்த ஒரு வார்த்தைதான், அது ஓட்டல் பூராவும் ஒட்டிக்கொண்டது.

மாமியார் சொன்னாள், "இந்த வாட்டி அலாரம் வச்ச கடிகாரமா வாங்கலாம்க்கா." மாமியார் என்றால் என் மாமியார் இல்லை. எங்கள் நாலு பேரில் வயசில் சின்னவள், அதிகாரத்தில் பெரியவள்.

"வாங்கு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடிவர்றவளுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன்.

இந்தத் தடவை நான் காசு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்களில் நாலாவது ஆளான நெட்டை வாயைப் பிளந்தாள். கருமி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டுமே.

மார்ச் 4

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாச்சு. வேறு என்ன கொடுப்பது?

வீட்டுக்காரரைக் கேட்டேன். "தலையணை உறை தைச்சுக் கொடேன்" என்றார். இந்த மனுஷனுக்கு நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதே மறந்துபோச்சு போல. நாள் பூராவும் ஊரான் தலையணை உறையைத் தேய்ப்பவளுக்குத் தலையணை உறையா? "நீங்க ஃபேன் ரிப்பேர் பண்றீங்களே, உங்க பிறந்தநாளுக்கு ஒரு ஓட்டை ஃபேன் வாங்கித் தரட்டா?" என்றேன். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

ரோலரில் நானும் கல்லுளியும் ஒரு ஜோடி. ஈர விரிப்பின் முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்து அந்தச் சூட்டு உருளைக்குள் நேராக விடவேண்டும். அந்தப் பக்கம் நெட்டையும் மாமியாரும் வாங்கி மடிப்பார்கள். இன்றைக்கு விரிப்பை விட்டுக்கொண்டே இருக்கும்போது கல்லுளி, "தவழுதாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் மகள் வீட்டுக் குழந்தையைச் சொல்கிறாள். பஸ் ஏறினால் போய்விடலாம். எப்போது போவாள்? வார லீவு அன்றைக்கும் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் வேலை.

அவளுக்கு ஒரு நாள் கொடுக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பிறந்தநாள் அன்றைக்கு அவள் வரவேண்டாம். அவள் வேலையை நாங்கள் மூணு பேர் இழுத்துப்போட்டுச் செய்வோம். கடையில் கிடைக்காது, ஆணி அடிக்கவும் வேண்டாம்.

நெட்டை உடனே சரி என்றாள். அவள் நல்லவள், எட்டாத உயரத்தில் இருந்தாலும். மாமியார் மட்டும், "விசில் ஒத்துக்குவானா?" என்றாள்.

மார்ச் 7

விசில் என்பது எங்கள் சூப்பர்வைசர். கோபம் வந்தால் பேச மாட்டான், விசில் அடிப்பான். தம்பி முறையில்தான் கூப்பிடுவேன், அப்போதுதான் திட்டவும் வசதி.

"தம்பி, புதன்கிழமை அவ வரமாட்டா. லீவுன்னு எழுதக் கூடாது. சம்பளம் வெட்டக் கூடாது."

"அதெப்படிக்கா? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உனக்கு வேண்டியது மடிச்ச விரிப்பா, மடிக்கிற ஆளா? சாயங்காலம் வண்டியில விரிப்பு குறைஞ்சா என்னைக் கேளு. குறையலைன்னா கேக்காதே."

கொஞ்ச நேரம் விசில் அடித்தான். "நான் எதையும் பார்க்கலைக்கா" என்றான். அது போதும்.

மார்ச் 11

கல்லுளியிடம் சொன்னோம். ஈரத் துணியும் கையுமாக அப்படியே நின்றாள். "நாள் பூராவுமா?" என்றாள். "பூராவும்" என்றேன். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. ஆவியாகவும் இருக்கலாம்.

மார்ச் 12, புதன்

எழுத்து கோணல்மாணலா வருது, வரட்டும்.

வேலையெல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒத்தை ஆளா ரெண்டு முனையையும் மாத்தி மாத்திப் பிடிச்சு விட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு, ஆனா சந்தோஷம். இந்நேரம் பஸ் இறங்கியிருப்பா, இந்நேரம் குழந்தையைத் தூக்கியிருப்பான்னு நெட்டைகிட்ட சொல்லிச் சொல்லியே வேலை ஓடுச்சு. மத்தியானம் பொறுக்க முடியலை. அவ மகளுக்குப் போன் போட்டேன். குழந்தையோட சத்தம் காதுல விழுந்தா போதும்னு.

"அம்மாவா? இங்க வரலையே பெரியம்மா. வேலைக்குப் போகலையா?"

பஸ்ஸுல ஏதாவது? ரோட்டுல ஏதாவது? சும்மா இருந்தவளை நான்தானே கிளப்பி விட்டேன்? எப்படியோ வேலையை முடிச்சு அவ ரூமுக்கு ஓடினேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு. தட்டு தட்டுன்னு தட்டினேன்.

திறந்தா. கன்னத்துல தலையணைச் சுருக்கம் பதிஞ்சிருக்கு.

"என்னடி பண்ணிட்டிருக்க?"

"தூங்கிட்டிருந்தேன்."

"குழந்தையைப் பார்க்கப் போகலையா?"

"இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லதான்."

திரும்பி வந்துட்டேன். தூங்கினாளாம்! இதுக்கா நான் ஒருத்தி இடுப்பை ஒடிச்சுக்கிட்டேன்?

மார்ச் 13

வெடித்துவிட்டது. கல்லுளி நெட்டையிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று ராத்திரியே மகள் போன் செய்து அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாளாம். "ஒரு நாள் கிடைச்சும் என்னையும் குழந்தையையும் பார்க்கத் தோணலையா? நாங்க வேண்டாமா உனக்கு?" என்று. எல்லாம் என் போனால் வந்தது.

இன்றைக்கு முழுக்க கல்லுளி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவளுக்கு அது பழக்கம். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

மார்ச் 14

பட்ட காலிலேயே இன்னொரு இடி. மூணாவது மாடியில் தங்கியிருந்த ஒருத்தர் ராத்திரி ஏதோ முதுகில் உறுத்துகிறது என்று எழுந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தாராம். விரிப்போடு விரிப்பாக ஒரு தலையணை உறை ஒட்டிக்கிடந்ததாம், அட்டை மாதிரி தேய்த்து, மடிப்புக் கலையாமல். புதன்கிழமை நான் ஒத்தையில் ஓட்டினதில் உறை ஒன்று விரிப்புக்குள் சுருண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. நேராக ரோலரில் விட்டு அமுக்கிவிட்டேன்.

விசில் அடிக்கக்கூட இல்லை அவன். அப்படியென்றால் ரொம்பக் கோபம். "இனிமே இந்த நாள் கொடுக்குற விளையாட்டெல்லாம் வேண்டாம்க்கா. அடுத்த தடவை மேலே சொல்லிடுவேன்."

"சொல்லு. இஸ்திரி போட்ட உறையை இனாமா கொடுத்தோம்னும் சேர்த்துச் சொல்லு" என்றேன். சிரிப்பு வரவில்லை அவனுக்கு. எனக்கும்தான்.

மார்ச் 15, சனி

சாப்பிடும்போது மாமியார் ஆரம்பித்தாள். கல்லுளி வெளியே குழாயடியில் இருந்தாள்.

"இதுக்குக் கடிகாரமே வாங்கியிருக்கலாம். நம்ம முதுகு ஒடிஞ்சது அவ படுத்துத் தூங்கவா? பெத்த மகளைப் பார்க்கத்தானே கொடுத்தோம்?"

மூணு நாளாக நானும் இதையேதான் மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஏன்னே தெரியலை.

"ஏண்டி, நாலு கடிகாரம் கொடுத்தோமே. அதுல மணி பார்த்தியான்னு ஒரு நாளாவது கேட்டோமா? சுவத்துல மாட்டினியா, தலைக்கு வச்சுப் படுத்தியான்னு கேட்டோமா? கொடுத்தா கொடுத்ததுதான். அவ நாளு. தூங்குவா, குப்புறப் படுப்பா, எந்திரிச்சு மறுபடியும் படுப்பா. உனக்கு என்னடி?"

நெட்டை, "அப்புறம் நீ எதுக்குப் போன் பண்ணின?" என்றாள்.

நெட்டைக்கு மட்டும் இது எங்கிருந்து வரும்? எப்போதாவது ஒன்று சொல்வாள், பொட்டில் அடித்த மாதிரி.

தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 16

நெட்டை கேட்டது சரிதான். குழந்தை குரல் கேட்கவா போன் பண்ணினேன்? "பெரியம்மா, உங்களாலதான் அம்மா வந்தாங்க"ன்னு அந்தப் பிள்ளை சொல்லணும், அதுக்குத்தான். கொடுத்த கையோடு ரசீது கேட்டவள் நான்.

மார்ச் 17, திங்கள்

மகளுக்கு மறுபடியும் போன் போட்டேன். சண்டை போடத்தான்.

"உங்கம்மா மேல கோவிச்சுக்கிறியாமே?"

"கோபம் வராதா பெரியம்மா? நான் அவங்க பெத்த மகதானே?"

"அதையே உன் மகளும் உன்னைக் கேப்பா, நாளைக்கு நீ ஒரு மத்தியானம் கண்ணசரும்போது. இந்தா பாரு, அந்த நாளை நான் உங்கம்மாவுக்குக் கொடுத்தேன். உனக்குக் கொடுக்கலை. அவ வந்திருந்தா என்ன பண்ணியிருப்பா, சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அம்மா மாதிரியே மகளும்.

"சொல்லேண்டி."

"குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பாங்க."

"அப்புறம்?"

"துணி ஊறிட்டிருந்துச்சு... துவைச்சுப் போட்டிருப்பாங்க."

"இங்க துவைக்கிறது பத்தாதாடி அவளுக்கு?"

பட்டென்று வைத்துவிட்டாள். போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. விசிலோ, மாமியாரோ, மகளோ, யார் வந்தாலும் இதே பேச்சுதான் என்னிடம்.

மார்ச் 18

கல்லுளி இன்றும் பேசவில்லை.

மார்ச் 20, வியாழன்

விரிப்பை விட்டுக்கொண்டிருக்கும்போது கல்லுளி, நிமிராமலேயே:

"எதுக்குப் போன் பண்ணின?"

எந்தப் போனைக் கேட்கிறாள்? இரண்டும்தான் இருக்கும். "நீ சந்தோஷமா இருக்கியான்னு பார்க்கத்தான்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இருந்தேன். நீ வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

அந்தப் பக்கம் நெட்டை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். விரிப்பு அவள் காலடியில் குவிகிறது. மாமியாருக்கும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன், மூக்குடைபட்டவள் எப்படிச் சிரிப்பாளோ அப்படி.

அப்புறம் அவள் பேசினாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை. "காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸும் நின்னுச்சு. ஏறத்தான் காலைத் தூக்கினேன். அங்க போயி இறங்கினதும் என்னென்ன செய்யணும்னு மனசு வரிசை போட ஆரம்பிச்சிடுச்சு. யாருக்கும் எதுவும் செய்யாம ஒரு நாள் இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். கடிகாரம் அத்தனையையும் கழட்டி அரிசி டப்பாவுக்குள்ள போட்டேன். டிக் டிக்குன்னு ஒரே தொல்லை."

"எப்படி இருந்துச்சு?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கல்லுளி விரிப்பை நேராக்கினாள். பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 6

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே வந்துவிட்டாள். டாக்டர் வீட்டிலிருந்து கல்லுளி திரும்பும்போது வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். வாளியில் அம்மா ஊறவைத்திருந்த துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாளாம். துணி நல்லாவே பிழியலை என்று குறை சொல்கிறாள் கல்லுளி. சொல்லும்போது முகத்தைப் பார்க்கணுமே!

மே 9, வெள்ளி

இன்றைக்கு நெட்டைக்குப் பிறந்தநாள், அவளுடைய நாள். விசில் முறைத்தான். "மேலே சொல்லிடுவேன்னு சொன்னேன்ல?"

"சொல்லு தம்பி. போகும்போது இந்த வண்டியையும் தள்ளிக்கிட்டுப் போ."

ஒரு விரிப்பு விடாமல் உதறிப் பார்த்துத்தான் ரோலரில் விட்டிருந்தோம் மூணு பேரும். அவன் வண்டியில் இருந்த அடுக்கை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான். நடுவில் ஒன்றை உருவிப் பிரித்தும் பார்த்தான். சுருக்கம் இல்லை, உறை இல்லை, ஒன்றும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான், பாட்டு மாதிரி ஏதோ விசிலடித்துக்கொண்டு. இவனுக்கு ராகம்கூட வரும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நெட்டை எங்கே போனாளோ. மாமியாருக்குத் தலை வெடிக்கிறது. "ஒரே ஒரு போன் போட்டுப் பார்க்கட்டாக்கா?" போனைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஜூன் 4

நாளைக்கு எனக்கு. நிஜமான பிறந்தநாள் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி. இருந்த நாலு வருஷத்தில் அங்கிருந்து நான் கொண்டு வந்தது அந்தத் தேதியும் இந்த எழுத்தும்தான்.

வீட்டுக்காரர், "எங்க போகப்போற?" என்றார். மாமியார் மூணு தடவை கேட்டாள். விசில்கூடக் கேட்டான். கல்லுளி மட்டும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு என் நாள்.

எங்கே போனேன், என்ன செய்தேன் என்று இதில்கூட எழுத மாட்டேன்.

ஜூன் 6

காலையில் மூணு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். மாமியாருக்கு உதடு துடித்தது, கடித்துக்கொண்டாள். ஒருத்தியும் கேட்கவில்லை.

கல்லுளி ஒரு முனையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். முதல் விரிப்பை உள்ளே விட்டோம்.