மூடியில் இருந்த தேதி

மே 9
இன்று எங்கள் தெரு மொன்ஜியா அக்கா நேராகக் கடைக்கு வந்து காலியான தயிர்க் கோப்பையைக் கல்லாமேல் வைத்தாள். "அஜீஸுக்கு ரெண்டு நாளா வாந்தி. உங்க கடைத் தயிர்தான்." பிள்ளைக்கு வயது நாலு.

என் வீட்டுக்காரர் மூடியைத் திருப்பிக் காட்டினார். "தேதியப் பாருக்கா. இம்மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

"என் புள்ளைக்குப் படிக்கத் தெரியாது, லம்ஜெத். வயிறுதான் தெரியும்."

கோப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். தேதியைக் காட்டி லம்ஜெத் ஜெயித்துவிட்டார். எனக்கு அந்த ஜெயிப்பு பிடிக்கவே இல்லை.

மே 12
மொன்ஜியா அக்கா பக்கத்து மளிகைக்காரன் ஷெத்லியின் கடைப் பையோடு எதிரே போனாள். பின்னாலேயே அவள் மச்சினியும். ரமலான் நெருங்குகிறது. இந்த ஸ்ஃபாக்ஸ் ஊரில் எங்களைப் போன்ற கடைகள் வருஷம் முழுக்க மூச்சு விடுவது அந்த ஒரு மாதத்தை நம்பித்தான். அவள் போகிற கடைக்குத்தான் இந்தத் தெரு போகும். அவள் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மே 14
லம்ஜெத் சந்தைக்குப் போனதால் இன்று நான் கடையைத் திறந்தேன். வழக்கமாக மதியத்துக்கு மேல்தான் வருவேன். ஃபிரிட்ஜ் சத்தமே இல்லை. கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு. தயிர் மூடிகள் உப்பியிருந்தன. தேதி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

லம்ஜெத் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கடை சாத்தும்போது அணைப்பேன், காலையில போடுவேன். எல்லாக் கடையிலும் அப்படித்தான். கரண்டு பில்ல நீயா கட்டுற?"

"அந்தத் தேதிய எழுதினவன் குளிர்ல இருக்கும்னு நம்பி எழுதினான். நீங்க அணைச்ச அன்னைக்கே அந்தத் தேதி செத்துப்போச்சு."

இதே மனிதர்தான் போன மாதம் தேதி தாண்டிவிட்டது என்று நல்ல குஸ்குஸ் ரவையைக் குப்பையில் கொட்டினார். பூச்சியில்லை, ஈரமில்லை, மணம் அப்படியே இருந்தது. காய்ந்த சரக்குக்குப் போடுகிற தேதி ருசிக்கு. தயிருக்குப் போடுவது வயிற்றுக்கு. இது கூடவா தெரியாது? எனக்கும் இன்றைக்குத்தான் உறைத்தது, அது வேறு விஷயம்.

"உன் புத்திய உன்னோட வச்சுக்க" என்றார்.

மே 15
கோபம் ஆறவில்லை. சோற்றுத் தட்டைக்கூட அவரே எடுத்துக்கொண்டார். கடை சாத்தும்போது மட்டும் உப்பிய மூடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மே 16
எழுதக் கை வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

காலையில் லம்ஜெத் தயிர், பாலாடைக்கட்டி, மோர் எல்லாவற்றையும் வாசலில் இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினார். கூட்டம் கூடியது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்: "ராத்திரியில ஃபிரிட்ஜ் பொட்டிய அணைச்சு வச்சேன். கெட்டுப்போச்சு. என் தப்பு."

ஷெத்லி ஓடி வந்தான். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா? இனி எங்க பொட்டியையும்ல கேப்பாங்க!"

"கேக்கட்டும்" என்றார் லம்ஜெத்.

பிறகு மொன்ஜியா அக்கா வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, தெருவே கேட்க, அஜீஸுக்கு வந்தது தன்னால்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். காது சிவந்திருந்தது. நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய மனிதர்தானா இவர்? அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தெருவாச்சே என்று விட்டேன்.

மே 27
முதல் நோன்பு. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியும் மோர் வாங்க ஆளில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"தப்பு பண்ணிட்டேனா, ரதியா?"

"இல்ல" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஜூன் 2
கடை திறந்த கையோடு மொன்ஜியா அக்கா வந்தாள். சலாம் சொன்னாள். நேரே ஃபிரிட்ஜைத் திறந்து அடித்தட்டு வரை கையை விட்டாள். விரல் சில்லிடும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

லம்ஜெத் ஒரு கோப்பையை எடுத்து, தேதியைக் காட்ட மூடியைத் திருப்பினார்.

"அது கிடக்கட்டும்" என்றாள். "அஜீஸுக்கு ரெண்டு போடு."

லம்ஜெத்துக்குப் பையின் வாயைப் பிரிக்கவே வரவில்லை. நான்தான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.