கிணற்றுக்கு வருத்தமில்லை

மச்சாள்,

பக்கத்துக் காணியில் விடிந்ததிலிருந்து தண்ணீர்ப் பம்ப் ஓடுகிறது. மண்ணெண்ணெய் மணம் குசினி அடுப்புவரை வந்துவிட்டது. அந்த மணத்துக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள், நான் சிரிக்கிறேன். ஏனென்று உமக்குத் தெரியும்.

தெற்கில் கடை வைத்திருந்த உம்முடைய மனுசன் நோயோடு வந்து கண்ணை மூடிய பிறகு, உம்முடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். முடிவு தெரிந்த அன்று யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், உம்முடைய வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தீர்.

"அண்ணை, எனக்கும் எச்.ஐ.வி. இருக்காம். மருந்து இருக்கு, சாகமாட்டன். ஒளிக்கவும் மாட்டன்."

உம்முடைய அண்ணைக்கு, அதுதான் என்னுடைய மனுசனுக்கு, வாயடைத்துப் போனது. ஆனால் கிணற்றுப் பங்குகாரருக்கு வாய் திறந்துகொண்டது. வேலணைத் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லார் வளவிலும் இல்லை. எங்கள் கிணற்றில் நான்கு வீட்டுக்குப் பங்கு, அதில் ஒன்று உமக்குச் சீதனமாக வந்தது. "அவ வாளி போட்ட தண்ணியை எப்பிடிக் குடிக்கிறது? புருசன்ரை ஊருக்கு அனுப்பிவிடுங்கோ" என்றார்கள். அந்தப் பங்கு போனால் இந்த மண்ணில் உமக்கு இருக்க வழியில்லை.

உம்மை அனுப்ப அவருக்கு மனமில்லை, அவர்களை எதிர்க்கவும் தைரியமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்: பம்ப் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டால் எல்லார் பயமும் போய்விடுமாம். வேண்டாமென்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மழையில்லாமல் கச்சான் காற்று வீசும் காலத்தில் தீவுக் கிணற்றை யாராவது இறைப்பார்களா? மேலே கிடக்கும் நல்ல தண்ணீர் போனால் அடியிலிருந்து உவர் ஏறும், அது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். பயம் பிடித்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது. அவர் பம்பைக் கொண்டுவந்து அடிவரை இறைத்துவிட்டார்.

மறுநாள் நான்கு வீட்டிலும் தேநீர் உப்புக் கரித்தது. நீர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்: "நோய் வருத்தமெல்லாம் எனக்குத்தான் அண்ணை, கிணத்துக்கில்லை. பாவம், ஏன் அதைப் போட்டு வதைச்சனீங்கள்?"

அதன் பிறகு பிரதேச சபை லொறியில் வரும் தண்ணீர்ப் பவுசருக்காக எல்லோரும் குடத்தோடு வரிசையில் நின்றோம். உமக்கு முன்னாலும் பின்னாலும் ஆளில்லாத இடைவெளி. நீர் கோபிக்கவில்லை. பவுசர் வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று கதைக்கத் தொடங்கினீர்.

"ரத்தத்தாலை வரும். பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் வரும். ஒருத்தருக்குக் குத்தின ஊசியை மற்றவருக்குக் குத்தினால் வரும். மருந்தெடுக்காட்டில் தாயிட்டையிருந்து பிள்ளைக்குப் போகலாம், பாலாலையும் போகலாம். வாளியாலை வராது, நுளம்பு கடிச்சு வராது, என்ரை கோப்பையிலை நீங்கள் தேத்தண்ணி குடிச்சாலும் வராது."

"அப்ப ஆருக்குத்தான் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆருக்கும் வரலாம். கட்டின மனுசனைத் தவிர நான் ஆரைத் தொட்டனான்?"

வெளியூரில் மனுசன் உழைக்காத வீடு அந்த வரிசையில் எத்தனை இருந்தது? அன்று பின்னேரமே ஒருத்தி வேலியோரம் வந்து, சோதிக்க எங்கே போவதென்று உம்மிடம் மெல்லக் கேட்டாள். நீரே பஸ்ஸில் கூட்டிப்போனீர். அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் உமக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டுமே, இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பாயசம் காய்ச்சினீர்.

மாரி மழையோடு கிணறு மெல்லத் தெளிந்தது. உப்பு விட்ட அன்று உம்முடைய அண்ணை முதல் வாளியை அள்ளிச் செம்பில் ஊற்றி உம்மிடம் நீட்டினார். நீர் வாய் வைத்துக் குடித்துவிட்டு வேண்டுமென்றே மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தீர். பிறந்ததிலிருந்து அண்ணாந்தே குடித்துப் பழகிய மனுசன், பங்குகாரர் பார்த்து நிற்க, அந்தச் செம்பில் வாய் வைத்துக் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கலியாணம் கட்டிய நாளில்கூட அவரை நான் அவ்வளவு விரும்பியதில்லை.

பிறகு ஒருநாளும் தவறாமல் மருந்துக் குளிசை போட்டுக்கொண்டு, எங்கள் எல்லாரையும் நக்கலடித்துக்கொண்டு, தலை நரைக்கும்வரை இருந்தீர். கடைசியில் உம்மைக் கொண்டுபோனது மாரடைப்பு, அந்த வருத்தமல்ல. இதை நான் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

போன கிழமை மகளைக் கர்ப்பிணிகளின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சம்பந்தியும் வந்தா. எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்ப்போம் என்று மருத்துவமாது சொன்னதும் சம்பந்தி முகத்தைச் சுளித்தா. "எங்கடை பிள்ளையளுக்கு ஏன் உது? உது வேறை ஆக்களுக்கெல்லோ."

"எங்கடை மச்சாளுக்கு இருந்தது" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. "எங்கடை வீட்டுப் பிள்ளை. அவ எங்களுக்குச் சொல்லித் தந்ததாலைதான் நான் இவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டியந்தனான்."

சம்பந்தி என் மகளின் வயிற்றைப் பார்த்தா. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் மகனை அழைத்தா.

"தம்பி, வேலையை விட்டிட்டு ஒருக்கா கிளினிக்குக்கு வா. நீயும் சோதிக்க ரத்தம் குடுக்கோணும்."