பாய்லர் அறையில் ஒரு நீலச் சட்டை

நவம்பர் 4, செவ்வாய்

மழை. ஆபீசில் மாதக் கணக்கு இன்னும் முடியவில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததுமே வாடை. வீட்டுக்காரர் சிவா அண்ணை, தோட்டக் கொட்டகையில் வளர்த்த கஞ்சாச் செடிகளை அறுத்துவிட்டார். பாய்லர் அறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்குகின்றன. மாடி அறையில் குடியிருக்கும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வேன் விபத்துக்குப் பிறகு அவருக்கு முதுகு படுத்தும் பாடு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, வலிக்கு இதுதான்.

அவசரப்பட்டால் கெட்டுவிடுமாம். தண்டு வளைந்தால் இன்னும் ஈரம், முறிந்தால் சரி. அப்புறம் ஊறுகாய்ப் போத்தலில் போட்டு, தினமும் மூடி திறந்து காற்றுக் காட்டணும். அவர் மனைவி வசந்தி அக்கா, பொலிஸ் வந்தால் என்ன செய்வீங்கள் என்று கேட்டார். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இந்த மணத்துக்கு யார் திரும்பிப் பார்க்கினம் என்றார் அண்ணை. சிரித்தோம். நானும்தான்.

இரவு அம்மா போன். மலேசியாவில், ஜொகூரில் விடியவே இல்லை அப்போது. சிங்கப்பூர்ச் சிறையிலிருந்து தகவல் வந்துவிட்டதாம். தம்பிக்கு அடுத்த வாரம் வெள்ளி.

சரிம்மா என்றேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

தூக்கு. எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 5, புதன்

லீவு கேட்டேன். குடும்ப விஷயம் என்றதும், கல்யாணமா என்றார் மேனேஜர். இல்லை என்றேன்.

டிக்கெட் – ஞாயிறு.
அம்மாவுக்கு முழங்கால் தைலம்.
சட்டை.

கடைசி வாரத்தில் வீட்டார் நல்ல உடுப்பு கொடுக்கலாம். அதைப் போடச் சொல்லி, சிறையில் படம் எடுத்துத் தருவார்கள். தம்பி வெளிர் நீலம் கேட்டிருக்கிறான், முழுக்கை. சாப்பாட்டு நேரத்தில் போய் வாங்கினேன். கழுத்தளவு தெரியவில்லை. இத்தனை வருடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்தது. குத்துமதிப்பாக எடுத்தேன்.

புதுத்துணி பட்டால் அவனுக்குக் கழுத்து தடித்துவிடும். தீபாவளிச் சட்டையைக்கூட அம்மா துவைத்துக் காயவைத்துத்தான் போடுவார். நானும் துவைத்தேன்.

சாப்பிட்டேனா? ஞாபகம் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

காலையில் வெயில். சட்டையைத் தோட்டத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் மழை பிடித்துக்கொண்டது. வசந்தி அக்கா ஓடிப்போய் எடுத்து, நனையாமல் பாய்லர் அறையில் மாட்டியிருக்கிறார். குளிர்காலத்தில் எல்லாருடைய துணியும் அங்கேதான் காயும். நல்ல மனசில் செய்தது.

செடிகளுக்கு நடுவில் தொங்கியது தம்பி சட்டை. ஃபேன் காற்றில் கை ஆடியது.

துவைத்தேன். வாடை. வினிகர் ஊற்றி மறுபடி. வாடை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் மோப்ப நாய் இருக்கும். என்னைப் பிடித்துவைத்தால் அடுத்த வாரம் வெள்ளிக்குள் அவனைப் பார்க்க முடியாது.

கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வினிகர் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

வாடை சட்டையில் இருக்கிறதா, என் மூக்கில் இருக்கிறதா? தெரியவில்லை. சமையலறையில் அண்ணையிடம் நீட்டி, முகர்ந்து பாருங்கள் என்றேன். எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே என்று சிரித்தார். அவருக்கு எப்படி மணக்கும்? யாருடைய சட்டை என்று கேட்டார்.

தம்பி சிங்கப்பூரில் என்று மட்டும்தான் இந்த வீட்டில் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. இன்று மீதியையும் சொன்னேன், படம் எடுப்பது வரைக்கும்.

"எதுக்குப் பிடிச்சவங்கள்?"

நான் பாய்லர் அறையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "எவ்வளவு வைச்சிருந்தவன்?"

ஒரு பை, உங்களுடையதைவிட அதிகம் என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை."

சொல்லி என்ன ஆகும் என்றேன். வசந்தி அக்கா அழுதார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது அழட்டும் என்று.

நவம்பர் 8, சனி

என் உடுப்பு எல்லாம் கடைத்தெரு லாண்டரியில். பெட்டியையும் அங்கேயே வைத்துக் கட்டினேன். தலைக்கு இரண்டு முறை ஷாம்பூ.

வந்து பார்த்தால் பாய்லர் அறை காலி. கயிறுகூட இல்லை. செடி காய்வதற்கு முன்பே அண்ணை எடுத்துவிட்டார். எங்கே போட்டார் என்று கேட்கவில்லை. முதுகுக்கு இனி என்ன செய்வார் என்றும் கேட்கவில்லை. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார்.

வாடை பிடித்த சட்டை குப்பையில். அம்மாவிடம் அங்கே ஒன்று வாங்கச் சொன்னேன். என்ன அளவு என்று கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

டாக்சி வந்துவிட்டது. சிவா அண்ணை வீட்டுக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். குளித்து ஈரத் தலை. கடைப் பையைக் கைப்பிடியில் இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளி நீட்டினார்.

"நான் தொடேல்லை பிள்ளை. கடைப் பெடியன்தான் மடிச்சு வைச்சவன்."

வெளிர் நீலம். முழுக்கை.

இப்போது விமான நிலையம். நாளைக்கு இறங்கியதும் நேரே போய் உடுப்பைக் கொடுக்கணும், அதற்கு நாளைதான் கடைசி நாள். துவைக்க நேரமில்லை. அவனுக்குக் கழுத்து அரிக்கும்.