சிக்கரி செய்த வேலை

ஆவணி, 1998. ஞாயிறு இரவு.

மஞ்சள்காமாலை வந்ததிலிருந்து இவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வைத்தியர் காப்பியை நிறுத்திவிட்டு, காசினி வேர்க் கஷாயம் கொடுத்தால் பசி எடுக்கும் என்றார். இன்று அதைத் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மருந்துக் கடைக்காரர் சிரித்தார்.

"காசினின்னா சிக்கரிதான் சேச்சி. பக்கத்துக் காப்பிப்பொடிக் கடையில கேளுங்க."

காப்பியில் சிக்கரி துளி கலந்தாலும் டம்ளரைத் தள்ளிவைக்கிற மனுஷர் இவர்! சொல்லாமல் கொதிக்கவைத்து, பால் விட்டுக் கொடுத்தேன். முழுசும் குடித்தார்.

"காப்பிக்கு வைத்தியர் சம்மதிச்சாச்சா?"

"இது வெறும் சிக்கரி."

முறைத்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கொஞ்ச நேரத்தில் அவராகவே, "ரசஞ்சாதம் பிசைஞ்சு தாயேன்" என்றார். சட்டியை வழித்துப் போட்டேன். இப்போது குறட்டை விடுகிறார். கேட்கவே நன்றாயிருக்கிறது.