இடது கையால் எழுதிய சிலேட்டுகள்

தங்கச்சி,

இன்று காலை ஒதியம்பட்டில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் பள்ளிக்கூட வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று வயதுப் பெண் படியில் உட்கார்ந்து ஷூ வாரைக் கொக்கியில் மாட்டப் போராடிக்கொண்டிருந்தாள். "குடுடி, நேரமாச்சு" என்று அம்மாக்காரி அவள் காலைப் பிடித்து இழுத்தாள். "நானே போட்டுக்குவேன்" என்றது குழந்தை. வேடிக்கை பார்த்து நின்ற என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. இந்த வயதிலும் இந்தப் பழக்கம் போகவில்லையே என்று சிரிப்பு வந்தது. அப்புறம் உன் நினைப்பு வந்து, அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னவள் நீதான். குருவிநத்தத்தில் வெல்லம் காய்ச்சுவதை நிறுத்திவிட்ட ஒரு கொட்டகையில் நம் பாலர் பள்ளி தொடங்கியபோது பிரெஞ்சுக்காரர் போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. உனக்கு இருபத்திரண்டு வயது. மெட்ராசில் பயிற்சி முடித்து வந்திருந்தாய். நான் ஏழு வயது மூத்தவள், இரண்டு பெற்றவள், முதல் வகுப்பைப் பிரம்போடு நடத்திப் பேர் வாங்கியவள். உனக்கு உதவியாக என்னை அனுப்பினார்கள். நானோ உன்னைத் திருத்த வந்ததாக நினைத்துக்கொண்டேன். ஏதாவது ஒரு பிள்ளை சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றத் தடுமாறினால் போதும், பாய்ந்து பிடுங்குவேன். "கைய பின்னால கட்டிக்க அக்கா. அது கூப்பிட்டா மட்டும் போ" என்பாய்.

இத்தாலியில் வைத்தியம் படித்த ஓர் அம்மாள்தான் இந்த முறைக்குக் காரணம் என்றும், யுத்த காலத்தில் அவர் மெட்ராசிலேயே தங்கி வகுப்பு எடுத்தார் என்றும் சொன்னாய். "அந்தம்மா கண்டுபுடிச்சாங்கன்னு சொல்றாங்க. வேலைக்குப் போறவங்க வுட்டுட்டுப் போன ஏழைப் புள்ளைங்கதான் அவங்களுக்கே கத்துக்குடுத்துச்சுங்க அக்கா." ஊர்த் தச்சரிடம் சொல்லி, வேறு வேறு அளவில் குழிகளும் அவற்றில் இறங்கும் கட்டைகளுமாக ஒரு மரச் சட்டம் செய்து வாங்கினாய். மாற்றி வைத்தால் கடைசிக் கட்டை இறங்காது. பிள்ளை முழித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கும். பெண்ணையாற்று மணலை அட்டையில் ஒட்டி எழுத்துகள் செய்தாய்; அதை விரலால் தடவிப் பார்ப்பார்கள். சிலேட்டுகள் மட்டும் பெட்டியிலேயே கிடந்தன. விரல் தயாரானால் அவர்களே கேட்பார்கள் என்றாய்.

நடவுக்குப் போகும் தாய்மார்களுக்கு இது பிடிபடவில்லை. "இன்னா டீச்சர், வூட்டுலயும் தண்ணி மொள்ளுதுங்க, இங்கயும் அதானா?" என்று கேட்டார்கள். நானும் உள்ளூர அவர்கள் கட்சிதான்.

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்திலிருந்து அதிகாரி வருகிறார், பிள்ளைகள் எழுதாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார் என்று செய்தி வந்தது. மூடினால் பதினோரு பிள்ளைகளும் பழையபடி வரப்போரத்து வெயிலில்தான் கிடக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் நீ பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருந்தாய். பிள்ளைகள் தூங்கினார்கள். நான் பதினோரு சிலேட்டுகளையும் எடுத்து, இடது கையால் கோணல்மாணலாக அ, ஆ என்று எழுதி வைத்தேன். அசல் பிள்ளை எழுத்து போலவே இருந்ததில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் அதிகாரி சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க, அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, நல்லாவே எழுதுதுங்க" என்றார். பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன். நீ ஒரு சிலேட்டை வாங்கிப் பார்த்தாய்.

"இது புள்ளைங்க எழுதுனது இல்ல சார்."

"அப்ப யார் எழுதினது?"

அங்கே எழுதத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ என் பேரைச் சொல்லவில்லை. பழியை உன் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் நின்றாய். அவர் மறுபடியும் கேட்டார். நீ அப்படியே நின்றாய். கடைசிக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் பிள்ளைக்காக எப்படி நிற்பாயோ அப்படித்தான் எனக்காகவும் நிற்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான்தான் சார்" என்றேன்.

அவர் கோபத்தோடு எழுந்தார். "கொஞ்ச நேரம் பேசாம உக்காந்து பாத்துட்டுப் போங்க சார்" என்று நீ கேட்டுக்கொண்டதற்காக வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். ஒரு சின்னப் பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், வழியில் சிந்தினாள். யாரும் சொல்லாமலே துணி எடுத்துத் துடைத்தாள். மறுபடி மொண்டு, தளும்பாமல் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். ஆறு மாசம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஆறு மாசத்துக்குள் நாலு பிள்ளைகள் தாமே வந்து சிலேட்டு கேட்டார்கள். அதில் ஒருத்தி நிஜமாகவே இடது கைக்காரி.

அவர் போனதும் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "கஞ்சி ஆறுது, வா அக்கா" என்றாய். அவ்வளவுதான்.

அப்பா, வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் நிறையப் பேர். என்னால் உண்மை சொல்ல முடியும் என்று நம்பி நின்றவள் நீ ஒருத்திதான். அதன் பிறகு நான் பிரம்பைத் தொடவில்லை. யாருடைய தப்பையும் முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உன்னிடம் நான் ஒரு மன்னிப்பு கேட்டதில்லை, ஒரு நன்றி சொன்னதில்லை. நீ கண்ணை மூடும்வரை வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து போனாய். ஒரு தடவைகூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். நானே வாய் திறப்பதற்கும் நீ காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். இந்தத் தடவை நான் பிந்திவிட்டேன், தங்கச்சி.